மற்றபடி நல்ல வண்டி

ஏப்ரலில் ஓரினை அடக்கம் செய்துவிட்டுத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "உன் வீட்டுக்காரர் ஆயுசுல யாரைப் பத்தியும், எதைப் பத்தியும் ஒரு குறை சொன்னதில்ல." நான் தலையாட்டினேன். ஹாம் சாண்ட்விச் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட முடியாது. ஆனால் அது உண்மையல்ல. ஓரின் குறை சொல்லியிருக்கிறார். முதல் குறை ஒரு வெள்ளை வேனைப் பற்றி. அதைச் சொல்ல அவருக்குப் பதினாறு மாதம் பிடித்தது.

ஓரின் சாண்ட்விக் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் ஊரில் முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தார். முன்பொரு முறை பல் மருத்துவர் தவறான பல்லைத் துளைக்க ஆரம்பித்தபோது, வாயில் பஞ்சோடு, "அதையும் என்னைக்காவது பாக்கவேண்டியதுதான்" என்று சொன்ன மனிதர். சாப்பாடு நன்றாக இருந்தால் "மோசமில்ல" என்பார். சூறைக்காற்றில் எங்கள் கொட்டகையின் கூரை பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தபோதும் "மோசமில்ல" என்றார். இரண்டுக்கும் குரலில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது.

அந்த வேனை அவர் வாங்கியபோது அதற்கு ஒன்பது வயது. இவர் மூன்றாவது சொந்தக்காரர். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் ஜன்னலே இல்லாத வெற்றுத் தகரப் பெட்டி. நான்கு துவைக்கும் இயந்திரங்களை நிற்கவைத்து ஏற்றலாம். பக்கவாட்டில் தொழில் பெயரை எழுதச் சொன்னேன். "பேரைப் போட்டா பீத்திக்கிற மாதிரி இருக்கும்" என்றார். முன்பு வைத்திருந்த வெள்ளை வேன்களிலும் போட்டதில்லை. அதனால் முப்பத்து நான்கு வருடமும் வாடிக்கையாளர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, வெள்ளையாக எது வந்து நின்றாலும் கதவைத் திறந்தார்கள். ஒரு கிழவி, தபால்காரரை உள்ளே அழைத்துத் துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

வாங்கிய மூன்றாவது மாதம் அது ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குத் தானாக மாறும்போது அடியில் டொக்கென்று ஓர் இடி. பின்னாலிருந்து யாரோ காலால் உதைத்ததுபோல இருக்கும். நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னது அது?" என்று கேட்டேன்.

"எது?"

"இப்ப இடிச்சுதே."

"ஓ, அதுவா. மூணாவது வந்துடுச்சுன்னு சொல்லுது."

அடுத்த குளிர்காலத்தில் அது மேட்டில் ஏற மறுத்தது. எங்கள் ஊரில் தெருக்களெல்லாம் ஏரியை நோக்கிக் கவிழ்ந்தே கிடக்கும்; கீழே போனவர் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். பாதி மேட்டில் இன்ஜின் காட்டுக்கத்தல் கத்தும், வண்டி மட்டும் நகராது. கியர் விட்டுப்போயிருக்கும். அப்போது ஓரின் அவசரப்படாமல் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி கிளப்புவார். சரியாகிவிடும். சிவப்பு விளக்கிலும் இதே பூசை நடக்கும். பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். ஒருவரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஹாரன் அடிப்பது என்பது ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அவர் அம்மாவைத் திட்டுவதற்குச் சமம். இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஓரின் எண்ணிக்கொண்டிருக்க, விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகும். அப்போதும் எல்லோரும் பொறுமையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மூன்றாவது கோளாறு. கியரை, வண்டி அசையாமல் பூட்டிவைக்கும் 'பார்க்'கில் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்த பிறகு, வண்டி தானாக உருளத் தொடங்கியது. முதல் தடவை தேவாலயத்துக்கு முன்னால் நடந்தது. அது மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தராமல், ஒரு பனிக்குவியலில் போய்ச் சாய்ந்து நின்றது. ஓரின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "களைச்சுப்போச்சு போல" என்றார்.

கை பிரேக்கின் கம்பி துருவேறியிருந்தது. புதுக் கம்பி போட்டும் சமதளத்தில்தான் பிடித்தது, சரிவில் பிடிக்கவில்லை. ஓரின் பூர்ஜ மரத்தில் இரண்டு முட்டுக்கட்டைகள் செதுக்கினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பதவி கிடைத்தது. வண்டி நின்றதும், இன்ஜின் அணைவதற்கு முன்பே, நான் கட்டையோடு குதித்திறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கவேண்டும். கல்யாணங்களுக்கும் ஞானஸ்நானங்களுக்கும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போய், முதல் காரியமாகத் தெருவில் மண்டியிட்டிருக்கிறேன். நான் பெரிய பக்தை என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது டெனிஸ் லாப்ரெய்ரி. மேற்கு முனையில் தனியாகப் பட்டறை நடத்துகிறவள். ஓரினைவிட இருபது வயது சின்னவள், ஆனால் ஓரினை அதட்ட அவள் ஒருத்தியால்தான் முடியும். ஒரு பிப்ரவரி மாதம் அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஓரின், உண்மையைச் சொல்லுங்க. இது எப்படி ஓடுது?"

"கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் ஓடும்."

"யோசிக்குதா? வேனுக்கு என்னங்க யோசனை? பரீட்சை எழுதப் போகுதா?"

"பழகிட்டா ஒண்ணும் தெரியாது, டெனிஸ்."

"அதான் பயமா இருக்கு. நீங்க பழகிட்டீங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "மார்லிஸ், இதே மாடல், இதே வருஷம், இதே கோளாறோட இந்தக் குளிர்காலத்துல மட்டும் மூணு வண்டி பாத்துட்டேன். பூக்கடைக்காரர் ஒருத்தர், பைப் வேலை செய்யறவர் ஒருத்தர், இப்ப இவரு. இது இந்த வண்டியோட குணம் இல்ல. பொறக்கும்போதே வந்த நோய்."

பிறகு அவள் விளக்கினாள். வாஷிங்டனில் வண்டிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் அவர்களுக்குப் புகார் எழுதலாம். ஒரே கோளாறைப் பற்றி நிறையப் புகார் சேர்ந்தால்தான் அவர்கள் விசாரிப்பார்கள். விசாரித்தால்தான் வண்டி செய்த நிறுவனம் எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்.

"நீங்க எழுதுங்க ஓரின்."

"மத்தவங்க எழுதியிருப்பாங்க."

"அந்த மத்தவங்களும் இப்ப ஏதோ ஒரு பட்டறைல நின்னுக்கிட்டு இதையேதான் சொல்லிட்டிருப்பாங்க!"

எழுதுவதாகச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார். மூன்று நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பென்சிலில் அடித்து அடித்து எழுதி, கடைசியில் பேனாவால் நகலெடுத்து என்னிடம் நீட்டினார். நான் பள்ளி நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். அவர் எழுதுவதெல்லாம் என் கண் வழியாகத்தான் வெளியே போகும். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலில் அதில் இருந்தது இதுதான்:

'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா, உங்கள் வேலைகளுக்கு நடுவே தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும். என்னுடைய வேன் சில சமயம், முக்கியமாகக் குளிர்காலத்தில், மேட்டில் ஏறும்போது கொஞ்சம் தயங்குவதுபோலத் தோன்றுகிறது. பார்க்கில் நிறுத்திய பிறகும் எப்போதாவது சிறிது நகர்வதுண்டு. தவறு ஒருவேளை என் மேலும் இருக்கலாம். ஹீட்டர் மிக நன்றாக வேலை செய்கிறது. மற்றபடி நல்ல வண்டி.'

"ஓரின், இது புகாரா, சிபாரிசுக் கடிதமா?"

"எல்லாம் இருக்கே அதுல."

"இதைப் படிக்கிறவன் இதே மாதிரி ஒண்ணு வாங்கலாமான்னு யோசிப்பான்."

அவர் சிரித்தார். தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒருமுறை திருத்திவிட்டு அனுப்புவதாகச் சொன்னார். கோட்டுக்குள்ளேயே அந்தத் தாள் குளிர்காலத்தைக் கழித்து, இளவேனிலையும் கழித்து, அடுத்த குளிர்காலத்தையும் கழித்தது.

அதற்குள் அவருடைய இடது முட்டி போய்விட்டது. இயந்திரங்களைப் படியேற்ற முடியவில்லை. வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், வேனை விற்றுவிடலாம் என்று முடிவானது. ஜன்னலில் ஓர் அட்டையை ஒட்டினார். 'விற்பனைக்கு' என்றுகூட இல்லை. 'ஒருவேளை விற்கலாம்' என்று எழுதித் தொலைபேசி எண் கொடுத்திருந்தார்.

யெங் லோர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். தெற்கே செயின்ட் பால் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவனுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் வந்திருந்தாள். ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுச் சனிக்கிழமைச் சந்தையில் விற்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, ஓரினைப் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து எங்கள் சமையலறையில் காப்பி குடித்தாள். முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் உங்களுக்குச் சிரமம் என்றாள், மூன்றாவது தடவை கேட்டபோது பாதிக் கோப்பை என்றாள். நல்ல வளர்ப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"இதுவரைக்கும் மச்சினரோட டிரக்கைக் கடன் வாங்கிட்டிருந்தேன்" என்றாள். "இனிமே வீட்டு முன்னாடியே நிறுத்திக்கலாம். எங்க வண்டிப்பாதை கொஞ்சம் செங்குத்து. ஆனா நீளமா இருக்கு. பசங்க கீழ் முனையில சாக்பீஸால வரைஞ்சுக்கிட்டே கிடப்பாங்க, நான் மேல நின்னு சாமான் ஏத்திக்கலாம், அவங்களையும் பாத்துக்கலாம்."

நான் ஓரினைப் பார்த்தேன். சர்க்கரை போடாத காப்பியை அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை சந்தை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தினேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"'இந்த வண்டிக்குன்னு சில பழக்கமெல்லாம் இருக்கு'ன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"'யாருக்குத்தான் இல்ல'ன்னா."

"ஓரின்!"

"ஓட்டும்போது மூணாவது கியர்ல நல்லாவே டொக்குன்னுச்சு, மார்லிஸ். அவளுக்குக் கேக்காம இருக்காது. அவ ஒண்ணும் சொல்லல. சரி, அவளுக்குப் பரவால்லன்னு..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

புதன்கிழமை அவளுக்குத் தொலைபேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தக்காளிச் செடிக்கு இன்னொரு உறைபனி வருமா என்று இருபது நிமிடம் பேசினார்கள். வராது என்று இருவரும் நம்பினார்கள். வைத்துவிட்டார்.

"விக்கலன்னு சொல்லிடேன்" என்றேன்.

"ஏன்னு கேப்பாளே."

"மனசு மாறிடுச்சுன்னு சொல்லு."

"மாறலயே."

அவரால் பொய்யும் சொல்ல முடியாது. ஒரு மனிதருக்கு உண்மையும் சொல்ல வராது, பொய்யும் சொல்ல வராது என்றால், அவருக்குத் தக்காளி ஒன்றுதான் மிச்சம்.

வியாழக்கிழமை டெனிஸிடம் போனோம். கட்டைகளையும் சேர்த்தே கொடுத்துவிடப்போவதாகவும், எப்படி வைப்பது என்று ஒரு தாளில் படம் போட்டுத் தருவதாகவும் ஓரின் சொன்னார். டெனிஸ் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு ஒரு நாள் கைல கூடையோட இறங்குவா. மழை பேயும். ஃபோன் அடிக்கும். கட்டையை மறந்துடுவா. அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? படத்தைப் பெருசாப் போட்டுத் தருவீங்களா?"

ஓரின் அவள் கீழே வைத்த ஸ்பானரை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"நான் வேணா கூப்பிட்டுச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றார். "என் வண்டி."

டெனிஸ் சொன்னது நியாயம். நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதும் நியாயம். செவ்வாய்க்கிழமை என் சமையலறையில்தானே அவள் உட்கார்ந்திருந்தாள்? நானும் இந்த ஊர்க்காரிதான். கணவர் விற்கும் பொருளை விருந்தாளி முன்னால் மனைவி பழிப்பதா என்று வாயை மூடிக்கொண்டு, கேக் வேண்டுமா என்று கேட்டேன். ஓரினைக் கிண்டல் செய்கிறபோது இதையும் சேர்த்து எழுதிவிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை அவரே, "போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்று கோட்டை எடுத்தார். ஜூன் மாதம்தான், ஆனால் ஏரிக் காற்றுக்கு மாதம் தெரியாது. வண்டியை யெங் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிச் சமதளத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து ஓரின் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். வீட்டின் வண்டிப்பாதை அவள் சொன்னதைவிடச் செங்குத்தாக இருந்தது. கீழ் முனையில் இரண்டு சிறுமிகளும் தவழும் வயதை அப்போதுதான் தாண்டிய ஒரு பையனும் குப்புறப் படுத்து ஒரு திமிங்கிலம் வரைந்துகொண்டிருந்தார்கள். திமிங்கிலம் பாதையின் அகலம் முழுவதும் இருந்தது. மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனோம். ஓரின் ஒருமுறை நின்று மேலே வீட்டையும் கீழே பிள்ளைகளையும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

யெங் எங்களைப் பார்த்ததும் மலர்ந்துபோனாள். காப்பி வேண்டாம் என்றோம். சிரமப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்றோம். பாதிக் கோப்பை குடித்தோம். எலுமிச்சை கேக் துண்டங்களைத் தட்டில் வைத்தாள். கொட்டகையில் வண்டிக்காகக் கூடை அடுக்கும் சட்டங்களைக் கணவன் அளவெடுத்துச் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். பின்பக்கம் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் அதுதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஓரினின் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.

"வண்டி எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் யெங்.

"ஹீட்டர் நல்லா வேலை செய்யும்" என்றார் ஓரின்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். கெட்ட முட்டியுள்ள கால். அவர் முகம் சுளித்துவிட்டு, இந்த வருடக் கொசுவைப் பற்றிப் பேசினார். தட்டில் கடைசித் துண்டம் மிஞ்சியது. யெங் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டாள். மீதியை நான் பாதியாக வெட்டினேன். மிஞ்சியதை ஓரின் பாதியாக வெட்டினார். விரல்நகம் அளவு ஒரு துணுக்கு கடைசிவரை தட்டில் கிடந்தது. முக்கால் மணி நேரம் போயிருந்தது. வேனைப் பற்றி இன்னும் ஒரு சொல் வரவில்லை.

"சரி, அப்ப கிளம்பறோம்" என்று ஓரின் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். கதவருகே வந்து நின்றோம். எங்களுக்கு அங்கே இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் மக்கள் முக்கியமான எதையும் கோட்டு மாட்டிய பிறகுதான் பேசுவார்கள். கை கதவுப் பிடியில் இருந்தால் ஒரு தைரியம்.

ஓரின் கையைப் பையில் விட்டார். அந்தத் தாளை எடுத்தார். பதினாறு மாதத்தில் மடிப்புகள் கிழிய ஆரம்பித்திருந்தன.

"இதை ஒரு தடவை படிச்சுப் பாரேம்மா. கவர்ன்மெண்டுக்கு எழுதினது. அனுப்பல."

யெங் நின்றபடி படித்தாள். கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து, முழு நிம்மதியோடு சொன்னாள்: "மத்தபடி நல்ல வண்டிதானே."

ஓரின் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பேனா இருக்கா?"

காலணி வைக்கும் பலகை மேல் தாளை விரித்து, கெட்ட முட்டியை மடக்கி உட்கார்ந்தார். முதலில் மன்னிப்பை அடித்தார். அது சுலபமாக இருந்தது. 'சில சமயம்' என்பதை அடித்தார். 'முக்கியமாகக் குளிர்காலத்தில்' என்பதை அடித்தார். 'கொஞ்சம் தயங்குவதுபோலத் தோன்றுகிறது' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கியர் விட்டுப்போய் நின்றுவிடுகிறது' என்று எழுதினார். யெங் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அடுத்த வரியில் 'எப்போதாவது' போனது. 'சிறிது' போனது. 'நகர்வதுண்டு' என்பதைக் குறுக்கே கோடிட்டு, 'தானாக உருள்கிறது' என்றார். 'தவறு ஒருவேளை என் மேலும் இருக்கலாம்' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. வெளியே சுத்தியலும் நின்றிருந்தது. அவர் அதை மெதுவாக, எழுத்து எழுத்தாக அடித்தார்.

ஹீட்டர் வரிக்கு வந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இது உண்மைதானே?"

"அதை விட்டுடுங்க" என்றாள் யெங் மெல்ல.

விட்டுவிட்டார். கடைசி வரியில் மூன்று சொற்கள். ஒரே கோடு. தாள் கிழிந்தது.

பிறகு அதை அவளிடம் கொடுத்து, பலகையைப் பிடித்து எழுந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "இது ஆபத்தான வண்டி. இதை நான் உனக்கு விக்கக்கூடாது. பசங்க கீழ விளையாடற எடத்துல இதை நிறுத்தவே கூடாது. செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கணும்."

யெங் தாளைப் படிக்கவில்லை. எங்களைத் தாண்டிக் கதவைத் திறந்து வாசலுக்குப் போய், பிள்ளைகளை மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். வேன் அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி, இரண்டு கட்டைகளோடு நின்றிருந்தது. அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் மூன்று பேரும் படியேறி வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "அன்னிக்கு ஓட்டினப்ப எனக்கும் கேட்டுச்சு அந்த இடி."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்றேன்.

"அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எவ்வளவு ஆசையா அந்த டேஷ்போர்டைத் தடவிக்கிட்டிருந்தாரு தெரியுமா? மனசு நோகுமேன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினாள். "என் வீட்டுக்காரர்கிட்டகூட, 'வண்டிக்குக் கொஞ்சம் வயசு தெரியுது'ன்னுதான் சொன்னேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. யெங்குக்குப் பாதியில் அது அழுகையாகிவிட்டது. ஓரின் அவள் தோளைத் தட்டுவதா வேண்டாமா என்று கையைப் பாதி தூரம் கொண்டுபோய்விட்டு, தன் கோட்டையே தட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, யெங் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளில் மிச்சமிருந்ததை மட்டும் அரசாங்க அலுவலகத்தின் இணையப் படிவத்தில் நான் தட்டினேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சொல்லும் திரும்ப நுழைந்துவிடாமல் காவல் காத்தார். ஹீட்டர் வரியும் புகாரோடு சேர்ந்தே போனது. வாஷிங்டனில் யாராவது அதைப் படித்துக் குழம்பியிருந்தால் மன்னிக்கவேண்டும். புகார் பதிவானதாக ஓர் எண் வந்தது. விசாரணை எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் அதே மாடலுக்கு வந்த புகார்களை அந்தப் பக்கத்தில் யாரும் படிக்கலாம். நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. கொட்டகைச் சுவரை இடித்தது, சந்திப்பின் நடுவில் நின்றது, ஒருவருடைய காலை நசுக்கியது. பெயர்கள் இருக்காது. இப்போதும் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். எது பூக்கடைக்காரர் எழுதியது என்று எனக்குத் தெரியாது, எது ஓரின் என்று தெரியும்.

வேனை அவர் யாருக்கும் விற்கவில்லை. டெனிஸ் அதைக் கட்டியிழுத்துப் பழைய இரும்பு நசுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். ஓரின் கூடவே போய், அங்கே இருந்தவர்களிடம் பார்க்கில் உருளும் என்று நான்கு தடவை எச்சரித்துவிட்டு வந்தார். நசுக்கப்போகிற வண்டி எங்கே உருளும் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள், நாகரிகம் தெரிந்தவர்கள்.

இரண்டு வாரம் கழித்து யெங் கூப்பிட்டாள். ஊருக்கு வெளியே ஒரு விற்பனைக் களத்தில் வேறு வேன் பார்த்திருக்கிறாள், ஓரின் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா? கெட்ட வண்டியோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாத கோளாறு இருக்காது என்று அவள் நினைத்தாள். ஓரின் அன்று காலை இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார்.

களத்தில் அந்த வேனை மேட்டில் ஓட்டினார், இறக்கத்தில் நிறுத்தினார், அந்தக் கெட்ட முட்டியோடு தரையில் படுத்து அடியில் பார்த்தார். விற்பனையாளர், நீல டை கட்டிய இளைஞர், புன்னகையோடு பக்கத்திலேயே நின்றார். ஓரின் எழுந்து தூசியைத் தட்டினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் யெங்.

'மோசமில்ல' வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்" என்றார் ஓரின். "வாங்காதே."

சொல்லிவிட்டு அந்த இளைஞரிடம் திரும்பி மூன்று முறை மன்னிப்புக் கேட்டார், டை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காரில் வரும்போது அவர் காது சிவந்திருந்தது. அடுத்த மாதம் மூன்றாவதாக ஒரு வேனைப் பார்த்து அவர் "மோசமில்ல" என்றபோது, யெங் அங்கேயே வாங்கிவிட்டாள். இப்போதும் சனிக்கிழமைகளில் அதில்தான் சந்தைக்கு வருகிறாள். அடக்கத்துக்கும் அதில்தான் வந்தாள்.

இந்தப் புதுப் பழக்கம் வேன்களோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த அக்டோபரில், முதல் குளிர் வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், தொண்டையைச் செருமினார்.

"மார்லிஸ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இந்த ஸ்வெட்டர் அரிக்குது."

"எப்பலேருந்து?"

யோசித்தார். "கல்யாணம் ஆன வருஷம் குடுத்தியே, அதுலேருந்து. எல்லாமே அரிக்குது. அந்தக் கம்பளி."

அப்படிப் பதினொன்று பின்னியிருக்கிறேன். நாற்பத்தொரு வருடம்.

"அப்ப கழட்டேன்" என்றேன்.

"இல்ல, இல்ல" என்று கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, நாள் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நெருப்பருகே உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார். நான் பார்க்கிறபோதெல்லாம் கையை எடுத்துவிட்டார்.